என் இரண்டு கைகளையும் எங்கே ஒளித்தீர்கள்?

நாற்காலியே பயந்து நிற்கும்படி நிமிர்ந்து அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! அவர் சிரித்தால் நாமும் சிரிக்கலாம் என்று காத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே! பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, இப்போது கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் திரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாணவச் செல்வங்களே! மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கும் என் அருமைச் சம்பந்தியம்மா அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கம்.

பச்சை குத்துவதைப் பற்றி மாணவர்கள் எடுத்த படத்தை இப்போதுதான் பார்த்தோம். அதிலே குத்திக்கொண்டவன் நான். குத்தியவள் என் மருமகள். அதோ, சுவரோரம் நிற்கிறாள். "ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க தாத்தா"ன்னு கூப்பிட்டார்கள். வாழ்த்தவா வந்தேன்? வழக்காட வந்தேன்!

கைதட்டாதீங்கப்பா, முதல்வர் யார் யாருன்னு பாத்துட்டிருக்காரு.

நான் கேட்கிறேன், நாம் என்ன பார்த்தோம்? மருமகள் முகம் தெரிந்தது. கடை விளக்கு தெரிந்தது. மூலையிலிருந்த ஒட்டடைகூடத் தெரிந்தது. ஊசி என் கையில் இறங்கியதும் கட்டம் கட்டமாக ஒரு மூட்டம்! சமையலைப் படமெடுத்து அடுப்பை மறைப்பீர்களா? பந்தாட்டத்தைப் படமெடுத்துப் பந்தை மறைப்பீர்களா?

படத்தை எடுத்த பொண்ணைப் பிடித்துக் கேட்டேன். அழுதுவிட்டது. "நான் மறைக்கல தாத்தா. காலேஜ் கமிட்டிதான் மறைக்கச் சொல்லிச்சு. தோல் தெரியுதாம், பசங்க பாத்துக் கெட்டுப்போவாங்களாம்."

எந்தத் தோல்? இந்தத் தோலா? இஸ்திரி போட்டாலும் நிமிராத இந்தத் தோலைப் பார்த்து எந்தப் பிள்ளையய்யா கெட்டுப்போகும்?

நான் ஒரு கை இல்லை, இரண்டு கை கொடுத்தேன்! கதையைக் கேளுங்கள். கேமரா முன்னால் குத்திக்கொள்ள வாடிக்கையாளர் ஒருத்தரும் வரவில்லை. "நான் வர்றேம்மா. எனக்கென்ன, இனிமேலா பொண்ணு பாக்கப் போறாங்க?"ன்னு ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் மருமகள் கடைக்கு ஏறினேன். வலது கையில் என் பழைய ஸ்கூட்டரை வரைந்தாள். பல்லைக் கடித்துப் பொறுத்தேன். முடிந்தது, துடைத்தாள். அப்போது இந்தப் பொண்ணு மெதுவாக, "தாத்தா, இன்னொரு டேக் போலாமா? கேமரா ஓடல"ங்குது!

சிரிக்கிறீங்களா? உங்க கையில குத்தியிருந்தா தெரியும்!

மருமகள் அந்தப் பொண்ணைப் பிடித்துக்கொண்டாள். "லைட்டப் பாத்தே, மைக்கப் பாத்தே, பட்டனை அமுத்த மாட்டியா? இது என்ன கரும்பலகையா, அழிச்சிட்டு எழுத?" பொண்ணு படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பியது. மனசு கேட்கவில்லை. "விடும்மா, இன்னொரு கை சும்மாத்தானே தொங்குது"ன்னு நீட்டினேன்.

"மாமா, இதுல என் இஷ்டத்துக்கு வரையட்டுமா?"

"வரை தாயீ. உங்கம்மா மூஞ்சிய மட்டும் வரைஞ்சிடாதே. கண்ணாடி பாக்கறப்பல்லாம் திட்டு வாங்க முடியாது."

சிரித்தாள். பிறகு குனிந்தவள் நிமிரவே இல்லை. அந்தக் கையையும், பக்கத்தில் ஸ்கூட்டரோடு கிடந்த இந்தக் கையையும் சேர்த்து மறைத்தீர்களே!

இந்தப் பெருங்கோபம் எதற்கு என்பீர்கள். சொல்கிறேன். சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் சொல்வேன். மகள் கடை திறந்ததிலிருந்து இவர்கள் அந்தப் படி ஏறியதில்லை. யாராவது விசாரித்தால், "ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்பார்கள். "ஒரு தடவை வந்து பாரும்மா"ன்னு மகள் கெஞ்சினாள். "ஊசி குத்திப் பொழைக்கறத நான் வந்து வேற பாக்கணுமா?" என்றார்கள். யார் சொன்னது? தையல் மிஷினை மிதித்து அந்த மகளை ஆளாக்கியவர் சொன்னது!

கல்லூரியில் படம் போடுகிறார்கள் என்றதும் இன்றைக்குத்தான் வந்தார்கள். ஒரு தாய், தன் மகளின் வேலையைப் பார்க்க வந்தாள். ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். அவள் கண்ணுக்கா மூட்டம் போட்டீர்கள்? அவள் கண்ணுக்கா?

மணி அடிக்கிறீங்களா? அடிங்க. நான் என்ன பரீட்சையா எழுதறேன், பேப்பரப் பிடுங்க?

முதல்வர் அவர்களே, மூட்டமில்லாத படம் அந்தப் பொண்ணு பையில் இருக்கிறது. போடச் சொல்லுங்கள்! முடியாதா? சரி. திரையைத்தானே மறைக்க முடியும்? இதோ சட்டைக் கையை மடிக்கிறேன். கமிட்டி கண்ணை மூடிக்கொள்ளட்டும்! சம்பந்தியம்மா, வாங்க மேலே. நாலு படிதான், ஜெராக்ஸ் கடைப் படியை விடச் சுலபம்.

வழி விடுங்கப்பா, வர்றாங்க.

பாருங்க. உங்க தையல் மிஷின்தான். உடைஞ்ச மிதியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தீங்களே, அந்தக் கயிறும் இருக்கு. சம்பந்தி வீட்டுச் சாமானைச் சாகிற வரைக்கும் சுமக்கிறவன் உலகத்துலேயே நான் ஒருத்தன்தான்!

சத்தம் போடாதீங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு விரலால தடவிப் பாக்கறாங்க.

என்னங்க? மைக்குல சொல்லுங்க. வெக்கமா? நானே சொல்றேன். "நூலை எங்கெங்க கோக்கணுமோ அங்கங்க சரியாக் கோத்திருக்கா"ங்கறாங்க!

மருமகளே, கேட்டுச்சா? சுவரோரம் என்ன நிக்கறே? அம்மா கூப்பிடறாங்க, வா.

சபையோரே, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. மணி அடித்தவருக்கும் நன்றி, தாளம் தப்பாமல் அடித்தார். இதோ, இரண்டு கையையும் சேர்த்து உயர்த்துகிறேன். நல்லாப் பாத்துக்குங்க.

வணக்கம்!