திருப்பாம ஒட்டின முகம்

சண்டையா? சேச்சே, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். பதினாலு வருஷத்துல நான் அவமேல கை ஓங்கினதே கிடையாது. குடியும் கிடையாது. வேணும்னா அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்கோங்க. நேத்து காலைல எந்திரிச்சுப் பாத்தா பொண்டாட்டியக் காணோம். செருப்பக் காணோம், கைப்பையக் காணோம். அவ தம்பி வீட்டுக்கும் போகல, வேலை பாக்குற தையல் கடைக்கும் போகல. போன் ஆஃப்ல இருக்கு. ஒரு நாள் பூரா தேடிட்டுத்தான் புகார் கொடுக்க வந்தேன்.

முந்தாநாள் சாயங்காலமா? சாதாரணமா பேசிட்டுத்தான் இருந்தோம். வேலை பாக்குற இடத்துல நடந்த கூத்தச் சொன்னேன், அவ்வளவுதான்.

நான் டைல்ஸ் ஒட்டுறவன் மேடம். சாதா டைல்ஸ் இல்ல, மொசைக். கண்ணாடிய நகம் அளவுக்கு வெட்டி, ஒவ்வொண்ணா ஒட்டிப் படம் கொண்டு வர்ற வேலை. இப்ப ஒரு பெரிய வீட்டுல, வீட்டுக்குள்ளயே நீச்சல் குளம் கட்டுறாங்க. ஆமா, கூரைக்குக் கீழதான். மழையில நனையாம குளிக்கலாம்ல! ரெண்டு பக்கமும் பவுண்டன், நடுவுல தரையில வீட்டுக்காரம்மா முகம். பத்தடிக்குப் பத்தடி. கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் கொடுக்குற பரிசாம். மூணு மாசம் குனிஞ்ச முதுகு நிமிரல எனக்கு.

சம்பந்தம் இருக்கு மேடம், கொஞ்சம் கேளுங்க. அந்தத் துண்டுங்கள நேரா தரையில ஒட்ட மாட்டோம். முதல்ல காகிதத்துல, பளபளன்னு இருக்குற பக்கம் கீழ போற மாதிரி ஒட்டணும். அப்புறம் அப்படியே கவுத்துத் தரையில பதிச்சு, காகிதத்த நனைச்சு உரிப்போம். கவுக்கும்போது இடது வலதா மாறிடும்ல? அதனால படத்த முன்னாடியே திருப்பி வரைஞ்சுக்கணும். இருபது வருஷமா பண்ற வேலை. அன்னைக்கு எனக்கு என்ன கேடோ, திருப்ப மறந்துட்டேன். காகிதத்த உரிச்சா, அந்தம்மாவுக்கு வலது கன்னத்துல இருக்குற மச்சம் இடது கன்னத்துல உக்காந்திருக்கு. மொத்தத்தையும் உடைச்சு எடுக்கணும்.

அந்த நேரம் பாத்து வீட்டுக்காரர் வந்து நிக்குறார். சுத்திச் சுத்திப் பாக்குறார். செத்தேன்னு நினைச்சேன். அடடா, அச்சு அசலா அவளே படுத்திருக்குற மாதிரி இருக்குய்யான்னு என் தோளத் தட்டிட்டுப் போயிட்டார்!

முந்தாநாள் அந்தம்மா வந்தாங்க. குனிஞ்சு பாத்ததும் கை தன்னால கன்னத்துக்குப் போச்சு. இது நான் கண்ணாடியில பாக்குற மூஞ்சி, மத்தவங்க பாக்குற மூஞ்சி இல்லையேன்னாங்க. அவர் பாத்தாரான்னு கேட்டாங்க. பாத்தாரும்மா, அச்சு அசல்னு சொன்னாரும்மான்னேன். கன்னத்துல இருந்து கைய எடுத்தாங்க. அப்புறம், உடைக்க வேண்டாம், தண்ணிய நிரப்பிடுங்க, பவுண்டன் ரெண்டும் எப்பவும் ஓடிட்டே இருக்கணும்னாங்க. பவுண்டன் விழுந்தா தண்ணி அலையும் மேடம், அடியில இருக்குறது யார் முகம்னே தெரியாது. தப்பிச்சோம்டா சாமின்னு வீட்டுக்கு வந்தேன்.

இதத்தான் அவகிட்ட சொன்னேன். கூட வாழ்ற மனுஷனுக்குப் பொண்டாட்டி மச்சம் எந்தப் பக்கம்னு தெரியல பாருன்னு விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல. தலை துவட்டிட்டு இருந்தா. அந்தத் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு, என் புருவத்துத் தழும்பு எந்தப் பக்கம்னு கேட்டா.

சொன்னேன் மேடம், சொல்லாம இருப்பேனா? ஒரு பக்கம் சொன்னேன். சரியா தப்பான்னு அவ ஒண்ணும் சொல்லல. துண்ட எடுக்காமலே எந்திரிச்சு உள்ள போயிட்டா. நான் பின்னாடியே போயிருக்கணும். டிவி ஓடிட்டு இருந்துச்சு, உக்காந்துட்டேன். அப்புறம் போனா, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. காலைல ஆள் இல்ல.

ஆமா மேடம், அடையாளம்னு அந்தத் தழும்பையே எழுதிக்கோங்க. கல்யாணம் ஆன புதுசுல வந்தது. நான் வீட்டுல உக்காந்து கண்ணாடி வெட்டிட்டு இருந்தேன். சில்லு தெறிச்சு அவ புருவத்துல பட்டுருச்சு. நாலு தையல். நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்.

பக்கமா... கல்யாண போட்டோவுல தழும்பு இருக்காது மேடம், அது அதுக்கு முன்னாடி எடுத்தது. போன்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு, அவளே எடுத்த செல்ஃபி. சில போன் இடது வலத்த மாத்திக் காட்டும், சிலது காட்டாது. என் தொழில் புத்தி, அத நம்ப மாட்டேங்குது. மத்த போட்டோ எல்லாம் அவ என்னை எடுத்தது.

அந்த இடத்த மட்டும் இப்போதைக்குக் காலியா விடுங்க மேடம். அவ தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்.