ஆவுடையா சால்

ரயிலும் ரோடும் வாரதுக்கு ரொம்ப முந்தி, பாளையக்காரங்க ஆண்ட காலத்துல, கொம்பங்குளத்துல ஆவுடையா ஆவுடையான்னு காடு உழுது பொழைக்கிற ஒரு சம்சாரி இருந்தாளாம். அவளுக்கு ரெண்டு காளை, ஒரு கலப்பை, ஒரு புருசன். காளையும் கலப்பையும் வீட்டுல இருந்துச்சாம். புருசன் பூவலிங்கந்தான் இல்ல. படைக்குப் பழக்கணும்னு இருளாண்டி அண்ணாவி கூட்டிட்டுப் போயிட்டாராம். அண்ணாவின்னா வேலும் கம்பும் சொல்லிக்குடுக்கிற வாத்தியார்.

ஒரு வருசம் ஆச்சு. ஆவுடையா பழகுற பொட்டலுக்குப் போயி நின்னாளாம்.

"அண்ணாவி, முடிஞ்சுதா?"

"எங்க தாயி! ஒம் புருசனுக்கு இன்னும் வேல் பிடிக்கவே வரல."

ரெண்டாம் வருசம் போனாளாம். "அண்ணாவி, முடிஞ்சுதா?"

"பிடிக்கான். எறிய வரல."

மூணாம் வருசமும் போனாளாம். "இப்பமாவது முடிஞ்சுதாய்யா?"

"எறியுதான். எறிஞ்சதை ஓடிப்போயி எடுக்கத்தான் வரல."

ஆவுடையாளுக்கு வந்துச்சு பாருங்க எரிச்சல்! "நீரு இவரைக் கூட்டிட்டுப் போறப்பப் பிறந்த கன்னுக்குட்டி, இன்னைக்கு அதுவே ஒரு கன்னு போட்டுருச்சு. ஒரு ஆளு படிச்சு முடிக்க இம்புட்டு நாளா?"

"ஏ புள்ள, எங்க தாத்தா காலத்துல பன்னெண்டு வருசம் பழகுனாக. எங்கப்பா காலத்துல ஏழு. நான் அஞ்சுக்கு இறங்கி வந்துருக்கேன். இதுக்கே மூக்கால அழுதா எப்படி?"

அவ தலையில அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாளாம்.

அந்த வருசம் ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சாம். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவுல, ஆவுடையா தன்னந்தனியா உழுது விதைச்சாளாம். படை என்ன செஞ்சுச்சு? மழையில நனைஞ்சா வேல் துருப்பிடிக்குமாம். அதனால அத்தனை ஆம்பளையும் கொட்டகைக்குள்ள உக்காந்து வேலுக்கு விளக்கெண்ணெய் தேய்ச்சாகளாம். தாத்தா காலத்துலயும் அப்படித்தானாம். அப்பா காலத்துலயும் அப்படித்தானாம்.

பாதிக் காடு விதைச்சாச்சு. ஒரு பெருமழை பெஞ்சு ஓஞ்ச நேரம், பக்கத்துப் பாளையத்து ஆளுக பத்துப் பேரு வந்து ரெண்டு காளையையும் அவுத்து ஓட்டிட்டுப் போனாகளாம். காளை போனா மீதிக் காடு தரிசு. அந்த வருசம் கஞ்சி கிடையாது.

"ஐயோ, என் காளை போகுதே!"

சத்தம் கேட்டுப் படை கெளம்புச்சாம். வேலு பளபளன்னு மின்னுதாம். காட்டுக்குள்ள இறங்கிப் பத்தடி வச்சாக. அம்புட்டுதான்! கரிசமண்ணு செருப்புல அப்பி, ஆளாளுக்குக் காலுல பூசணிக்காயைக் கட்டிவிட்ட மாதிரி ஆயிருச்சாம். ஒருத்தன் வேலை ஊணி நிக்கான். ஒருத்தன் காலை உருவுதான், கால் வருது, செருப்பு வரல. அண்ணாவி முழங்கால் சகதியில நின்னுக்கிட்டு, "வரிசை கலையாதீகடா!"ன்னு கத்துறாராம்.

பூவலிங்கம் பொண்டாட்டியப் பாத்தானாம். "ஆவுடையா, காலைத் தூக்க முடியலையே!"

"மேட்டுல ஏன்யா நடக்கீரு? மேட்டு ஈரந்தான் ஒட்டும். செருப்பை வீசிட்டு, ஏரு கீறுன பள்ளம் இருக்குல்ல, தண்ணி நிக்கிற அந்தச் சாலுக்குள்ள இறங்கும். தண்ணிக்குள்ள மண்ணு வழுக்கும், ஒட்டாது. குதிகாலை ஊணாதீரும்!"

சொல்லிட்டு அவ முன்னால நடந்தாளாம். சாலுக்கு ஒரு ஆளா எல்லாரும் பின்னால போனாகளாம். வந்தவனுகளும் மேடு பாத்துத்தானே போயிருக்கானுக? காலுல பூசணியோட நட்டுவச்ச மாதிரி நின்னானுகளாம். சுத்தி வளைச்சதும் காளைக் கயித்தை அவனுகளே நீட்டிட்டானுகளாம். ஒரு வேல் எறியலையாம்.

அண்ணாவி காலைக் கழுவிக்கிட்டே சொன்னாராம்: "இது எங்க தாத்தாவுக்கே தெரியாமப் போச்சே, தாயி."

"ஒம்ம பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கும். அவளை யாரு கேட்டா?" கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆவுடையா நின்னாளாம். "அண்ணாவி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது தாயி. கூட்டிட்டுப் போ."

அந்தக் காட்டுக்கு அன்னையில இருந்து ஆவுடையா சால்னு பேரு. நம்ம ஊருல பட்டாளத்துக்குப் போறவன் எவனா இருந்தாலும், எந்த ஊருல எத்தனை மாசம் ட்ரெய்னிங் முடிச்சாலும், மொத லீவுல வந்து மழைத்தண்ணி நிக்கிற சாலுல நடந்து காட்டணும். வரப்புல நின்னு வீட்டுப் பொம்பளை "முடிஞ்சுதா?"ன்னு கேப்பா. அந்தக் கரை சேந்தாத்தான் முடிஞ்ச மாதிரி.

போன ஐப்பசியில ஒருத்தன், எனக்கெல்லாம் எதுக்குன்னு பூட்ஸோட மேட்டுல இறங்குனான். அவன் வந்துட்டான். பூட்ஸு இன்னும் அங்கதான் கெடக்கு.