கணக்கப்பிள்ளை எழுதிய சுயசரிதை

ஹட்டனில் பஸ் ஏறியதுமே தூங்கத்தான் நினைத்தேன். முன் சீட்டில் இருந்த தேயிலை பறிக்கும் இரண்டு கொழுந்துக்காரப் பெண்கள் விடவில்லை.

“நம்ம தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை சுயசரிதை எழுதியிருக்காரு, அக்கா. எட்டு லயத்து வீட்டு அசிங்கமும் அதுல இருக்கு.”

“அடுத்தவங்க அசிங்கத்த எழுதினா அது எப்படி சுயசரிதை? அதுக்குப் பேரு கோள். வெக்கங்கெட்ட மனுசன்.”

“எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான். லயத்துல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவரு கூரை வரைக்குமா போகுது?”

பஸ் நோர்வூட்டை நெருங்கியது. அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவரோட சொந்தச் சங்கதி ஏதாச்சும் எழுதியிருக்காரா?”

“மருந்துக்குக்கூட இல்ல. நான் முழுசாப் படிச்சிட்டேன்.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன இருந்தாலும் தங்கமான மனுசன்.”