அண்ணன் சொன்ன முடிவு

சத்தம் இருந்தால் புத்தகத்தில் எனக்கு ஒரு வரி ஓடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் மறுபடி மறுபடி கேட்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், சார்.

அண்ணன் சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். எந்தப் படத்தையும் ஊருக்கு முன்னால் பார்த்துவிடுவார். சாப்பிட உட்கார்ந்ததும், "டேய், கடைசியில அந்த டாக்டர்தான்டா கொலைகாரன்" என்று போட்டு உடைத்துவிடுவார். அவர் தயவில் நான் ஒரு படத்தைக்கூட முடிவு தெரியாமல் பார்த்ததில்லை. இதற்கெல்லாம் யாராவது மனதில் வன்மம் வைப்பார்களா? நான் வைக்கவில்லை.

நுரையீரல் கெட்டு அவர் படுக்கையில் விழுந்தார். கண்ணும் மங்கிவிட்டது. லீவு நாள் மதியங்களில் நான் போய்ப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். அவர் முன்பே படித்து அட்டை பிய்ந்துபோன நாவல் அது. ஒரு நீண்ட வரிசையில் முதல் பாகம். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன், கதைப் பைத்தியம் கிடையாது. ஆனாலும் அது என்னைப் பிடித்துக்கொண்டது. பாலைவனம், தொப்பி, துப்பாக்கி எல்லாம் உண்டு. கூடவே மந்திரமும் உண்டு. ஒரு மந்திரவாதி ஓர் ஊரின் நிழல்களையெல்லாம் திருடிவிடுகிறான். துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரியான ஒரு பெண், தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு அவனைத் தேடிப் போகிறாள். அவள் ஏறிப்போவது செத்துப்போன குதிரை. ஆனாலும் நடக்கும், பேசும். மந்திரவாதி யார் உருவத்தில் ஒளிந்திருக்கிறான் என்பதுதான் கதை.

பாதிப் புத்தகத்தில் அண்ணன் மூச்சு வாங்கச் சிரித்தார். "குதிரைதான்டா அவன். இதுகூடத் தெரியாம படிச்சிட்டிருக்கியே."

வாசித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினேன். அண்ணி டீ கொண்டுவந்தார். குடித்தேன்.

அந்த மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணன் மூக்கில் மாட்டிய குழாய்க்கு ஆக்சிஜன் தருவது அதுதான். எந்நேரமும் உறுமிக்கொண்டே இருக்கும். அது நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது எனப் பொய் சொல்லப் போவதில்லை. முன்பு ஒருமுறை கரண்ட் போனபோது பக்கத்திலேயே இருந்தேன். அண்ணனின் உதடு நீலம் பூத்தது. அண்ணிதான் ஓடிவந்து அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தார். "தம்பி, இதைத் திறக்கிற ஸ்பேனர் எப்பவும் இந்த ஆணியிலதான் தொங்கணும். மறந்துடாதீங்க" என்றார். நான் மறக்கவில்லை.

கடைசி அத்தியாயம் வந்த அன்று அண்ணி மருந்து வாங்கக் கிளம்பினார். "பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கதவைச் சாத்தினேன். அண்ணன் ஆள் கூப்பிட வைத்திருக்கும் மணியை எடுத்து எட்டாத இடத்தில் வைத்தேன், அதுவும் சத்தம்தானே. ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மெஷினை அணைத்தேன். அறை நன்றாக அடங்கிவிட்டது. உட்கார்ந்து, நிதானமாக, வாய்விட்டுத்தான் வாசித்தேன். நடுவில் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். பக்கம் கசங்கிவிடக் கூடாதே என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

குதிரை இல்லை, சார். கூடவே வந்த அந்தத் தம்பிதான் மந்திரவாதி. நான் சந்தேகப்படவே இல்லை. அண்ணன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு முடிவாவது இவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அதைக் கேட்கத்தான் நிமிர்ந்தேன்.

மெஷினைத் திரும்பப் போட்டேன். மணியைக் கட்டிலருகே வைத்தேன். ஸ்பேனரை ஆணியில் மாட்டினேன். அண்ணி வந்து அலறியபோது நானும் அழப் பார்த்தேன். வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நான்தான் அணைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணன் கஷ்டப்பட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த அத்தியாயம் அவருக்கும் பிடித்திருந்தது. முதல் தடவையாக, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டார்.