ஆள் சாகாத தோட்டா

செய்யூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார்: "ஆளு சாவாத தோட்டாவா பாத்து வாங்குயா."

கணவர் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த கவரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"திருடன கொஞ்சவா சொல்ற? சவுக்குத் தோப்புல நம்ம வூடு ஒண்ணுதான் கீது. ரெண்டு வாட்டி வந்து கதவத் தட்டிட்டான். பெரிய ரவை தோட்டா போட்டாதான் அடங்குவான்."

"பெரிய ரவை கதவையே தொளச்சிகினு போவும். பொடி ரவையே வாங்கு."

"பொடி ரவை குருவி சுடறதுக்கு. வர்றவன் செத்தா உனக்கு இன்னா?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வாட்டி தட்டறப்ப 'அம்மா'ன்னு கூப்ட்டான். நீ அரிவாளோட வந்ததும் ஓடிட்டான். உன்னாண்ட சொல்ல பயமா இருந்திச்சி."

"யாரு, நம்ம பெரியவனா?"

"நீ தொரத்திவுட்டியே, அவன்தான்."

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினோம். தோட்டாக் கடைக்குப் போகும் வழியை மனைவி காட்டினார். கணவர் அசையாமல் நின்றார்.

"இப்ப எங்க கீறான்?"

"பொத்தேரில, ஒரு மெஸ்ல வேல செய்றான்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், பொத்தேரி பஸ்ஸு எங்க நிக்கும்?"