குதிரையின் பின்னங்கால்கள்

— அடியே, துணிக்கொடியில இதென்ன காகிதமா தொங்குது? என் போர்வை எங்கே?

— தொடாதேம்மா! பழைய பேப்பர் நகலையெல்லாம் வருஷ வரிசையில கிளிப் போட்டு மாட்டியிருக்கேன். ஜன்னல் பக்கம் நம்ம ஊர் முதல் மாறுவேஷக் கார்னிவல், கதவுப் பக்கம் போன வருஷத்துது. போர்வை நாற்காலியில இருக்கு பாரு.

— ஈரத்தோடயா? நல்லா இருக்குடி. ஊர்ல எல்லாரும் லைப்ரரியில ஆராய்ச்சி பண்றாங்க, நீ என் துணிக்கொடியில பண்றே.

— லைப்ரரியை நாலு மணிக்கு மூடிடறாங்கம்மா. கிண்டல் பண்ற நேரமா இது? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு சிடுமூஞ்சி முன்னாடி நிக்கணும். மூணாவது அத்தியாயம் தப்பிச்சா நான் டாக்டர். இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் பழைய பேப்பர் தூசியில தும்மிக்கிட்டுக் கிடக்கணும்.

— உன் கைடுக்கு வேற வேலை இல்லையா? அப்படி என்ன இருக்கு அந்த அத்தியாயத்துல?

— குதிரை.

— எந்தக் குதிரை?

— முப்பது வருஷத்துக்கு முன்னாடி கார்னிவல்ல ரெண்டு பேர் சேர்ந்து குதிரை வேஷம் போட்டாங்க. ஒருத்தர் முன்னங்கால், ஒருத்தர் பின்னங்கால். முதல் பரிசு! மேயர் வந்து செல்லமா முதுகைத் தட்டினார். குதிரை விட்டுது பாரு ஒரு உதை, மேயர் மேடையோரத்து நீரூற்றுத் தொட்டிக்குள்ள!

— அய்யோ...

— சிரிக்காதேம்மா, இது சரித்திரம். குதிரை கூட்டத்துல புகுந்து ஓடியே போச்சு. பரிசை யாரும் வந்து வாங்கலை. அடுத்த வருஷத்துலேருந்து ஜோடி வேஷத்துக்கே தடை. உள்ளே இருந்தது யாருன்னு எந்தப் பேப்பர்லயும் இல்லை. மேயர் வரி ஏத்தினதுக்கு மக்கள் கொடுத்த பதில்தான் அந்த உதைன்னு பதினாலு பக்கம் எழுதியிருக்கேன்.

— ஒரு உதைக்குப் பதினாலு பக்கமா?

— சிடுமூஞ்சியும் அதையேதான் கேட்டாங்க. "நேர்ல பார்த்த சாட்சியைக் கொண்டு வா, இல்லேன்னா அத்தியாயத்தையே எடுத்துடு"ன்னுட்டாங்க.

— பதினாலு பக்கமும் தப்பு, கண்ணு.

— என்னது?

— வரியும் இல்லை, கிரியும் இல்லை. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு.

— யாருக்கு?

— பின்னங்காலுக்கு.

— அது உனக்கெப்படித் தெரியும்?

— என் கால் பிடிச்சா எனக்குத் தெரியாதா?

— அம்மா!

— கத்தாதே, பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது.

— ரெண்டு வருஷமா பேய் மாதிரி தேடிக்கிட்டிருக்கேன், நீ வாயே திறக்கலை?

— நீ எங்கேடி என்கிட்ட பேசறே? சாப்பிடும்போது புத்தகம், பல் தேய்க்கும்போது புத்தகம். குதிரைன்னு இன்னிக்குத்தானே சொல்றே! கேளு. ஊர்வலத்துல குனிஞ்சு குனிஞ்சு ரெண்டு மைல் நடந்திருக்கேன். உள்ளே ஒரே இருட்டு. முன்னங்கால்காரி ஒரே ஒரு சட்டம் போட்டா. குதிரைக்குள்ள பேசக் கூடாது. நான் சும்மா வருவேனா? தொணதொணன்னு பேசிக்கிட்டே வந்தேன். "உனக்கு எத்தனை தடவை சொல்றது, உனக்கு எத்தனை தடவை சொல்றது"ன்னு அவ அதட்டிக்கிட்டே வந்தா. கடைசியில மேடை ஏறினதும்தான் வாயை மூடினேன். அந்த நேரம் பார்த்து கால் இழுத்துக்கிச்சு. கத்தவும் முடியாது. உதறினேன். பின்னாடி மேயர் நின்னது எனக்கென்ன தெரியும்?

— என் பதினாலு பக்கம் போச்சு! போனா போகட்டும், இது அதைவிட நல்லா இருக்கும்மா! ஆனா ஒண்ணு. சொந்த அம்மா சாட்சின்னா சிடுமூஞ்சி ஒத்துக்கவே மாட்டாங்க. முன்னங்கால் யாரு, சொல்லு.

— மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.

— முப்பது வருஷம் ஆச்சும்மா!

— சத்தியத்துக்கு வயசாகுமா? அந்தக் குதிரையை எதுல தச்சோம்னு தெரியுமா உனக்கு?

— சாக்குல. பேப்பர்ல இருக்கு.

— சாக்கா? எங்க ஹாஸ்டல் ஹால்ல தொங்கின திரைச்சீலைடி! வார்டன் ஒரு மாசம் தேடினாங்க. மாட்டியிருந்தா ரெண்டு பேருக்கும் படிப்பு காலி. அப்புறம் அவ மேல்படிப்புக்கு வெளியூர் போனா. ரெண்டு கடுதாசி வந்துச்சு. அதோட சரி.

— திரைச்சீலைன்னா சொன்னே?

— ஆமா, ஏன் முழிக்கறே?

— இங்கே பாரு, என் கையெழுத்துப் பிரதி. "சாக்குத் துணியால் ஆன குதிரை"ன்னு எழுதியிருந்தேன். சிடுமூஞ்சி பச்சை மையில அடிச்சுட்டு, "சாக்கு அல்ல, திரைச்சீலை"ன்னு எழுதியிருக்காங்க. வரிக்கு வரி ஆதாரம் எங்கேன்னு கேக்கற மனுஷி, இதுக்கு ஒரு ஆதாரமும் தரலை. கேட்டேன். ஜன்னலைச் சாத்துன்னு பேச்சை மாத்திட்டாங்க.

— இப்படிக் கொடு. கண்ணாடி எங்கே என் கண்ணாடி... ஏண்டி, உன் கைடோட பேர் என்ன?

— சொன்னதில்லையா?

— ரெண்டு வருஷமா சிடுமூஞ்சி, சிடுமூஞ்சி. இதுல பேரை எப்பச் சொன்னே? வேண்டாம், இப்பவும் சொல்லாதே. அவங்களுக்குப் போனைப் போடு.

— அம்மா, ஞாயித்துக்கிழமைம்மா! என்னைக் கொன்னுடுவாங்க!

— போடுன்னா போடு. ஸ்பீக்கர்ல வை.

— ரிங் போகுது. ஏதாவது ஏடாகூடமா பேசினே, என் டாக்டர் பட்டம் அவ்வளவுதான்.

— ஹலோ! நாளைக்குப் பத்து மணிக்குன்னுதானே சொல்லியிருக்கேன்? அதுக்குள்ள என்ன?

— பேசறது உங்க ஸ்டூடண்ட் இல்லீங்க மேடம். பின்னங்கால்.

— அம்மா... கட் பண்ணிட்டாங்க போலிருக்கு. போச்சு, எல்லாம் போச்சு.

— இரு இரு. மூச்சு கேக்குது.

— அடிப்பாவி! குதிரைக்குள்ள பேசாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது!