தசமத்துக்குப் பின் மூன்று இடம்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி, சேரன்மகாதேவியில் தூறல். அன்று நான் குடை எடுத்துச் செல்ல மறந்திருந்தேன். வாசலிலிருந்து அலுவலகம் வரை, வால்வு வேலை பார்க்கும் ரெக்சன் தன் குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தக் காலையைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள், அய்யா. என் வேலை இன்னதென்று முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆழக் கிணறு தோண்டி, பூமியின் சூட்டிலிருந்து எடுக்கும் மின்சாரம் தூய்மையானது என்பார்கள். எவ்வளவு தூய்மையானது என்று மதிப்பிடுவது என் தொழில். குழாய்க்கான எஃகு உருகும் நாள் முதல் கிணற்றைச் சிமென்ட் இட்டு அடைக்கும் நாள் வரை, நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் மனித உயிருக்கும் நேரும் கேடு அனைத்தையும் கூட்டி, கிணறு தன் ஆயுளில் தரும் மின்சாரத்தால் வகுப்பேன். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு கேடு என்று விடை வரும்.

முன்பு களக்காட்டுக் கிணற்றில் என் மகன் மெர்வின் வேலை செய்தான். துளையிடும் சேறு நிரம்பிய தொட்டியில் ரெக்சன் தவறி விழுந்தபோது, மெர்வின் குதித்து அவனைத் தூக்கிவிட்டான். ரெக்சன் கரையேறினான். மெர்வின் ஏறவில்லை. தொட்டியைச் சுற்றி வேலி வேண்டும் என்று அவன் முன்பே கேட்டிருந்தான். "பொறவு பாக்கலாம்லே" என்றவர் திட்டத் தலைவர் ரிச்சர்ட்.

அந்தக் கிணற்றின் மதிப்பீட்டையும் நான்தான் எழுதினேன். மனித உயிர் என்னும் வரிசையில் என் மகனைச் சேர்த்து, வகுத்து, கிடைத்த எண்ணை முழுமையாக எழுதினேன். ரிச்சர்ட் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, முட்டை முட்டையா நீண்டுக்கிட்டே போவுது? தசமத்துக்குப் பொறவு மூணு இடம் போதும்வே."

"மூணோட நிறுத்துனா அங்கன ஒண்ணுமே இருக்காதே."

"இல்லாட்டா நல்லதுதான."

நிறுத்தினேன். மெர்வின் சுழியமானான். முறைப்படி அது பிழையன்று.

சேரன்மகாதேவிக் கிணற்று நீரின் மாதிரியில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தது. முந்தைய கிணறுகளில் அது இல்லை. காற்றைவிடக் கனமான வாயு; பள்ளத்தில் தங்கும்; மிகுந்தால் மூக்கே மரத்து வாடை தெரியாமல் போகும், சில மூச்சில் உயிரும் போகும். வால்வைத் திறந்ததும் முதலில் பெருகி வந்து, பிறகு அடங்கிவிடும். அந்த முதல் பெருக்கைக் கிணற்றின் ஆயுள் முழுவதற்கும் பரப்பி, மின்சாரத்தால் வகுத்து, மூன்று இடத்தோடு நிறுத்தினேன். சுழியம் வந்தது. சுழியம் என்று வரும் வாயுவுக்கு எச்சரிக்கைக் கருவி தேவையில்லை என்பது ரிச்சர்ட் வகுத்த விதி.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கிணறு திறக்கும் நாளில், வால்வு இருக்கும் ஆளுயரக் குழிக்குள் தனியே இறங்கி, அதைத் தம் கையால் சற்றுத் திருகிவிட்டு, முழங்காலிட்டுக் கண்மூடி ஜெபிப்பார். நீராவியின் ஓசை கேட்கும் வரை எழ மாட்டார். களக்காட்டிலும் அப்படித்தான், நாங்கள் மேலே நின்று ஆமென் சொன்னோம்.

இந்தக் கிணற்றைத் திறந்த வியாழக்கிழமை, ஓசை கேட்ட பின்னும் அவர் எழவில்லை. ரெக்சன் குழிக்குள் குதித்தான். நான் மேலேயே நின்றேன்.

ரெக்சன் மேல் எனக்கு வன்மம் ஏதுமில்லை. கிறிஸ்துமஸ்தோறும் வீட்டுக்கு வந்து, "இது ஒங்க மவன் தந்த உசுரு அண்ணாச்சி" என்பான். குழியில் ஒருவர் விழுந்தால் நின்று பார்க்கக்கூடியவன் அல்லன் என்பதை என்னைவிட நன்கு அறிந்தவர் இல்லை. தூத்துக்குடி அலுவலகத்தில் இருந்த அவனை இந்தக் கிணற்றுக்கு மாற்றுமாறு எழுதியவனும் நான்தான். வால்வு வேலையில் கெட்டிக்காரன் என்று எழுதினேன். அது உண்மை. நேற்று அவ்விருவரையும் மனித உயிர் வரிசையில் சேர்த்து வகுத்துப் பார்த்தேன்; மூன்று இடத்துக்குள் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். ரிச்சர்ட் என் மதிப்பீட்டைப் புரட்டி முடித்து, பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதும் விட்டுப்போச்சா அண்ணாச்சி?"

"எல்லாம் இருக்கு."

"அப்பம் கருவி வேண்டாம்?"

"ஒங்க விதிப்படி வேண்டாம்."

ரெக்சன் சிரித்தான். "அண்ணாச்சி கணக்குன்னா கண்ண மூடிக்கிட்டு எறங்கலாம் சார்."

கருவி இல்லாமலே கிணற்றைத் திறக்கலாம் என்ற உத்தரவில் ரிச்சர்ட் கையெழுத்திட்டு, அதை என்னிடம் நீட்டினார். ஒருமுறை படித்தேன், பிழை இல்லை. கிணற்றடியில் ஒட்டுவதற்காக ரெக்சனிடம் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். வெளியே தூறல் மழையாகியிருந்தது. தாள் நனைந்துவிடக் கூடாதென்று குடையை அதன்மேல் சாய்த்துப் பிடித்து, தான் நனைந்தபடி போனான்.